மூன்று காலி டம்ளர்

தட்டு ஏந்தி நிற்பவன் முகத்தை
யாரும் பார்ப்பதில்லை.
எங்கள் பிழைப்பே இந்த ஒரு வரிதான்.

விசிட்டிங் கார்டில் என் பெயர் மட்டும்:
'மனம் படிக்கும் நீலமேகம், விழாக்களுக்கு அணுகவும்.'
எபநேசரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்,
பார்த்தது தெரியாமல்.
கீழ்ப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து,
கிண்டியில் ஏதோ கம்பெனி பார்ட்டி.
வெள்ளைச் சட்டை, ஆறு பட்டன், தோளில் துண்டு.
"ரோஸ் மில்க் சார்?"

சீட்டில் ஒரு சொல் எழுதுங்கள் என்பேன்.
எனக்குக் காட்டாமல், தூணுக்கு அந்தப் பக்கம் போய்.
எழுத மேசை தேடுவார்கள்.
அவன் தட்டுதான் பக்கத்தில் இருக்கும்.
இரண்டு டம்ளரை ஒதுக்கிவிட்டு
அதன்மேலேயே வைத்து எழுதுவார்கள்,
கையால் மறைத்து,
கூட வந்த மச்சானிடமிருந்து.

மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்துத் தமிழ்.
துண்டு வலத்தோளில் கிடந்தால் வல்லினம்,
இடத்தோளில் மெல்லினம்,
இடுப்பில் செருகினால் இடையினம்.
இனத்துக்கு ஆறெழுத்து, சட்டைக்கு ஆறு பட்டன்.
உயிர் பன்னிரண்டும் தட்டின் விளிம்பில்
கடிகாரம்போல. கட்டைவிரல்தான் முள்.
ஈ ஓட்டுகிறான், வியர்வை துடைக்கிறான்
என்று நினைத்திருப்பீர்கள்.
அவன் 'திருநின்றவூர்' எழுதிக்கொண்டிருந்தான்,
நாலு தடவை துண்டு மாற்றி.

விளையாட்டாக ஆய்தத்துக்கும் ஒன்று வைத்தோம்.
மூன்று காலி டம்ளர், அடுப்புக்கல்போல.
"அத வெச்சா என்னடா அர்த்தம்?"
"தோத்துடுன்னு அர்த்தம்ணே."
எட்டு வருஷம். ஒருநாளும் வைத்ததில்லை.

போன சனிக்கிழமை, அடையாறு காந்தி நகர், மொட்டைமாடி.
கல்யாண வெள்ளிவிழா. சீரியல் பல்பு,
கடல்காற்றில் நமத்துப்போன அப்பளம்.
தணிகாசலம் என்னிடமிருந்து மைக்கை வாங்கி
"என் வொய்ஃப் மனசுல என்னா இருக்குன்னு
இருபத்தஞ்சு வருஷமா எனக்கே தெரியல,
நீ சொல்லு பாப்பம்" என்றார்.
நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன், அதுவும் தொழில்.

சுகுணவல்லி அம்மாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்.
எபநேசரும் போனான்.
ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

திரும்பி வந்தவனின் துண்டு
எந்தத் தோளிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை,
கையில் கசங்கியிருந்தது.
கேக் மேசை ஓரத்தில் வைத்தான்
ஒன்று. பக்கத்தில் ஒன்று.
கொஞ்சம் யோசித்து, மேலே ஒன்று.

நெற்றியில் விரல் வைத்து, கண்ணை மூடி,
"மல்லிகை" என்றேன்.
அந்த அம்மாள் தலையசைத்தார், இல்லை.
"மாமல்லபுரம்?"
இல்லை.
"பேரன்?"
பேரன் இன்னும் பிறக்கவே இல்லையாம்.
தணிகாசலம் தொடையில் தட்டிச் சிரித்தார்.
"நான்தான் சொன்னேனே, எல்லாம் டுபாக்கூர்!"
பேசிய பணத்தில் பாதிதான் தந்தார்,
ஜெயித்த முகத்தோடு.

சீட்டை நாலாக மடித்தார் அந்த அம்மாள்,
எட்டாக மடித்தார்,
அதற்குமேல் மடியவில்லை.
என்னைப் பார்க்கவில்லை.
தட்டு ஏந்தி நின்றவன் முகத்தைப் பார்த்தார்.
பிறகு ஒரு ரோஸ் மில்க் எடுத்துக்கொண்டு
விருந்தாளிகளிடம் போனார்.

கஸ்தூரிபா நகரில் கடைசி ரயில்.
பெட்டியில் நாங்களும்
காலிக் கூடையோடு தூங்கும் ஒரு பூக்காரரும்.
"இன்னாடா எழுதியிருந்துச்சு?"
"கண்ணு சரியா தெரியலண்ணே."
எட்டு வருஷம் தலைகீழாகப் படித்த கண்.
"எத்தினி எழுத்து? அதையாவது சொல்லு."

கூவம் மணத்தது. சிந்தாதிரிப்பேட்டை.
துண்டை இடத்தோளில் போட்டுக்கொண்டு
புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றினான்,
மேலிருந்து, ஒவ்வொரு பட்டனாக.
பழக்க தோஷம், நான் படித்தேன்:
ங, ஞ, ண, ந, ம, ன.

பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலம் பிரித்தான்.
நமத்த அப்பளம்.
பாதி எனக்கு.